மூன்று இடங்களில் இருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் டோங்காவிலிருந்து வந்த சேப்பங்கிழங்குப் பெட்டிகளுக்குச் சுங்கத் தாள்கள். மதியம் ஃபிஜியிலிருந்து வந்த சேப்பங்கிழங்குப் பெட்டிகளுக்குச் சுங்கத் தாள்கள். மேலாளர் டெஸ்மண்ட் என் மேசைமேல் சாய்ந்துகொண்டு, “ஃபிசா, நீ இல்லேன்னா இந்த ஆபீஸ் படுத்துடும்” என்றான். பல வருடமாக இதே வசனம். படுக்கட்டும், எனக்கென்ன.

மாலையில் மொழிபெயர்ப்பு வகுப்பு. ஆசிரியை பிலிப்பா புது ஏற்பாடு ஒன்றைச் சொன்னாள். இனி நாங்கள் மொழிபெயர்க்கும்போது கணினித் திரை முழுதும் பதிவாகுமாம். எந்தப் பக்கத்தைத் திறந்தோம், என்ன தட்டினோம், எங்கே கைவிட்டோம், எல்லாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித் தாளில் பேனாவால் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும்: எழுதியது சரி என்று நமக்கே எவ்வளவு நம்பிக்கை. மாணவர்கள் இணையத்தில் எப்படித் தேடுகிறார்கள், தேடிக் கிடைத்ததை எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாள். இன்றைக்கே ஒரு பயிற்சியில் எண் போட்டும் பார்த்தோம்.

பாவம். என்னைக் கேட்டிருந்தால் பதிவே இல்லாமல் சொல்லியிருப்பேன். இவர்கள் யாரும் தேடுவதே இல்லை. டோங்காக்காரன் சேமிசி ஆங்கில வாக்கியத்தை முழுதாக இயந்திரத்தில் கொட்டுவான். வந்து விழுவதை எடுத்து ஒரு காற்புள்ளியை நகர்த்துவான். முடிந்தது, தனக்குத்தானே நான்கு. சமோவாக்காரி ஃபுவாதினோ, தலைப்பே தெரியாத அளவுக்குப் பக்கங்களை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் படிக்க மாட்டாள். கேட்டால், “ரிசர்ச் பண்ணிட்டிருக்கேன்.”

அப்புறம் இகிபா. வகுப்பில் என்னைத் தவிர, எங்கள் குட்டித் தீவான நியூவேயின் மொழிக்கு இருக்கிற ஒரே ஆள். என் தேவாலயச் சபையும்கூட, என் கெட்ட நேரம். கிரேட் சவுத் ரோட்டில் பழைய கார் விற்கிறவன். அதே சிரிப்போடு இங்கேயும் வந்து உட்காருகிறான். எல்லா வாக்கியத்துக்கும் ஐந்து.

“எதைப் பாத்து அஞ்சு போட்ட?”

“எதையும் பாக்கலக்கா. தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீ உன் பேரையே தேடிப் பாத்துட்டுத்தான் சொல்லுவியா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் முறை வேறு. ஒரு சொல்லை மூன்று இடங்களில் பார்க்காமல் எழுத மாட்டேன். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்கள். எங்கள் மொழியில் இணையத்தில் இருப்பதே கொஞ்சம். அதில் மூன்று கிடைப்பது சின்ன விஷயமில்லை. கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஐந்து.

மார்ச் 11, செவ்வாய்

சுகாதார அலுவலகத்திலிருந்து வகுப்புக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை எல்லாத் தீவு மொழிகளிலும் போடப்போகிறார்கள். மாணவர்களின் மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொள்வார்கள். நல்லதாக இருந்தால் அந்த மொழிக்கு ஒருவரை அலுவலகத்தின் நிரந்தர மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வார்கள். ஒரு மொழிக்கு ஓர் இடம்.

நியூவேக்கு நாங்கள் இரண்டு பேர். நானும் கார்க்காரனும்.

பேருந்தில் திரும்பும்போது வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். இத்தனை வருடம் கிழங்குப் பெட்டி எண்களைத் தட்டிய விரல்கள். போதும். இந்த இடம் எனக்கு வேண்டும். வேறெதுவும் இத்தனை வேண்டியிருந்ததில்லை.

மார்ச் 12

டெஸ்மண்டிடம் ராஜினாமா சொல்வது போல மனதுக்குள் ஒத்திகை. மூன்று விதமாக. மூன்றிலும் அவன் முகம் நன்றாக விழுந்தது.

மார்ச் 25, செவ்வாய்

இன்றுதான் பிரசுரத்தை மொழிபெயர்த்தோம்.

எல்லாம் சுலபம், ஓர் இடம் தவிர. உயிருள்ள கிருமி கலந்த ஊசியாம் இது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் போடுவதற்கு முன் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். அந்த ‘எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்க’ளுக்கு எங்கள் மொழியில் என்ன சொல்வது? எனக்குத் தெரியாது. தெரியாது என்று தெரிவதுதான் படித்தவள் லட்சணம். தேடினேன். எங்கள் சபையின் தளத்தில் ஒரு பழைய அறிவிப்பில் இருந்தது: ‘காவல் மெலிந்த உடலினர்’ என்கிற மாதிரி ஒரு தொடர். அழகாக இருந்தது. அதையே மறுபடி தேடினேன். அவசரகாலத் தகவல் தளம் ஒன்றில் இருந்தது. மருந்துக்கடைக்காரர்கள் சங்கத்தின் தளத்திலும் இருந்தது.

மூன்று இடங்கள். ஐந்து போட்டேன். பேனாவை அழுத்தியே போட்டேன்.

வெளியே வரும்போது இகிபாவின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஒன்று போட்டிருந்தான். மற்றதெல்லாம் ஐந்து. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். வாழ்த்துகள்.

மார்ச் 29

வீட்டுக்கு விருந்தாளிகள். எழுத நேரமில்லை. மனதில் ஒரே ஐந்து.

ஏப்ரல் 6, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆராதனை முடிந்து எங்கள் மாங்கெரே சபைக் கூடத்தில் சாப்பாடு. இரண்டு மொழிபெயர்ப்பையும் சபையாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பிலிப்பாவின் ஏற்பாடு. அவளும் வந்திருந்தாள். கிழங்கையும் பப்பாளியையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த டாகிஹியை யாரோ தட்டில் குவித்துவிட, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் முதலில். ‘காவல் மெலிந்த உடலினர் இந்த ஊசிக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்’ என்று வாசித்தபோது தலைகள் ஆடின. கூடம் முழுக்க ஆடியது. முடித்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து முறைப்படி நன்றி சொன்னார். நம் மொழி இவள் கையில் பத்திரமாக இருக்கிறது என்றார். நான் இகிபாவைப் பார்த்தேன். அவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிலிப்பா கேட்டாள்: “இப்போ சொல்லுங்க, இந்த ஊசிக்கு முன்னாடி யாரெல்லாம் டாக்டரைக் கேக்கணும்?”

“காவல் மெலிந்த உடலினர்” என்றது ஒரு குரல்.

“சரி. அப்படின்னா யாரு?”

நன்றி சொன்ன பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அது டாக்டருக்குத் தெரியும்மா.” பின்னாலிருந்து ஒரு பெண், “நோட்டீஸ்ல எப்பவும் போட்டிருப்பாங்க. பாத்திருக்கேன்” என்றாள்.

எங்கள் சபையின் லிலினே கணவனுக்குத் தட்டில் இறைச்சியை வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நமக்கு இல்லப்பா அது. வேற யாருக்கோ. நாளைக்கே மருந்துக்கடைக்குப் போயி ரெண்டு பேரும் போட்டுட்டு வந்துடலாம்.”

அவள் கணவன் டிஃபா. அவன் உடம்பில் இருப்பது அவன் தங்கையின் சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தக் கூடத்தில் உள்ள எல்லோரும் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோனோம். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் தினமும் விழுங்குகிற மாத்திரை — அதுதான் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை. அந்த வாக்கியம் இந்தக் கூடத்தில் வேறு யாருக்காக? அவனுக்காகத்தான். நமக்கு இல்லையாம்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து இகிபா. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அந்த இடத்தில் அவன் எழுதியிருந்தது சொல்லே இல்லை. இழுத்து இழுத்து மூன்று வரி: ‘வேறொருத்தர் சிறுநீரகமோ கல்லீரலோ வைத்துக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், உடம்பு நோயை எதிர்க்காதபடி அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்…’ சந்தைக் கூச்சல் மாதிரி ஒரு வாக்கியம்.

லிலினேயின் கத்தி நின்றது. “ஏய், டிஃபா. உன்னத்தான் சொல்லுது.”

அதற்கப்புறம் அவன் வாசித்தது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கடைசியில் மட்டும் ஏறியது. 1969-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் இந்த ஊசி. இந்த மேதாவி ‘முன்பு பிறந்தவர்கள்’ என்று தலைகீழாக எழுதி வைத்திருந்தான். கிழவர்களெல்லாம் சட்டைக் கையை மடிக்கத் தயாராகிவிட்டார்கள். நான்தான் கத்தி நிறுத்தினேன். அந்த வாக்கியத்துக்கு அவன் போட்டிருந்தது ஐந்து.

ஏப்ரல் 7, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கார்க்கடைக்குப் போனேன். ஒரு சிவப்பு வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வண்டி வாங்க வந்தியாக்கா?”

“அந்த இடத்துல ஏன் அந்தச் சொல்லப் போடல? மூணு இடத்துல இருக்கே.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் போடல?”

“அது நான் விட்ட சரக்குக்கா.”

எனக்குப் புரியவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான். ஊரடங்கு சமயத்தில் போதகரின் மனைவி கூப்பிட்டாராம். சாயங்காலத்துக்குள் அறிவிப்பை நம் மொழியில் எழுதிக் கொடு என்றாராம். இவன் யாரிடமோ போனில் வண்டி விலை பேசிக்கொண்டே எழுதினானாம்.

“இங்கிலீஷ் வார்த்தைய ரெண்டா உடைச்சு ஒவ்வொண்ணுக்கும் வாயில வந்தத வெச்சேன். சபைத் தளத்துல ஏத்தினாங்க. அங்கேருந்து அவசரத் தகவல்காரன் எடுத்தான். அவன்கிட்டேருந்து மருந்துக்கடை சங்கம் எடுத்துச்சு. ஒருத்தனும் எனக்கு போன் பண்ணல.”

“அப்போ நீ ஒண்ணு போட்டது…”

“அது டுபாக்கூர்னு தெரியும். வேற நல்ல வார்த்தையும் எங்கிட்ட இல்ல. அதான் நீட்டி எழுதிட்டு ஒண்ணு போட்டேன். இல்லாத நம்பிக்கைய இருக்குன்னு போட முடியுமா? மனசாட்சி வேணாமா?”

மனசாட்சி. மைலேஜைப் பற்றி வாய் திறக்காத ஆள் என்னிடம் மனசாட்சி பேசுகிறான். நடுரோட்டில் நின்று கத்தலாம் போலிருந்தது. மூணு இடம், மூணு இடம்னு — ச்சீ. மூணும் இவன். நான் பேனாவை அழுத்திப் போட்ட ஐந்து, இவன் வாயில் வந்ததுக்குப் போட்ட ஐந்து.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிலிப்பா பதிவுகளை வகுப்பில் ஓட்டிக் காட்டினாள். முதலில் என்னுடையது. காட்டலாமா என்று கேட்டாள். மறுத்தால் இன்னும் கேவலம், போடுங்கள் என்றேன்.

திரையில் ஒருத்தி தேடுகிறாள். முதல் பக்கத்தில் தொடரைப் பார்க்கிறாள். பிறகு அதே தொடரைப் பெட்டியில் தட்டுகிறாள். அதைத் தட்டினால் அது இருக்கிற பக்கம்தானே வரும்? வேறென்ன வரும்? தேடிய தொடர் மஞ்சள் பட்டையில் தெரிந்ததும் பக்கத்தை மூடுகிறாள். அடுத்ததைத் திறக்கிறாள், மஞ்சள், மூடுகிறாள். முன்வரியையும் படிக்கவில்லை, பின்வரியையும் படிக்கவில்லை.

“ஃபிசா, கீழ போட்டிருக்கே” என்றான் சேமிசி. சேமிசி! இயந்திரத்தில் வாக்கியம் கொட்டுகிறவன். “மொழிபெயர்ப்பு உதவி: உங்க சபைன்னு. அம்புக்குறி அது மேலதான் போவுது பாரு.”

ஆமாம். அதன் மேலேயேதான் போனது.

அடுத்து இகிபாவின் பதிவு. கடினமான இடம் வந்ததும் பிரசுரத்தை விட்டுவிட்டு நீல நிற வண்டி ஒன்றின் விலையைப் பார்க்கப் போய்விட்டான். வெகுநேரம் வண்டி பார்த்தான். பிறகு திரும்பி வந்து அந்த மூன்று வரியை ஒரே மூச்சில் தட்டினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவனிடமா தோற்றேன் என்று எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

திருத்திய பிரதி கொடுக்கும் நாள். இகிபாவிடம் கேட்டு அவன் மூன்று வரியை எடுத்துக்கொண்டேன். “தாராளமா எடுத்துக்கோக்கா. பதிலுக்கு அந்தப் பொறந்த வருஷ லைனைக் குடு” என்றான். கொடுத்தேன். வேறு இரண்டு தப்பையும் காட்டினேன். “ஐயையோ, அதுக்கும் அஞ்சு போட்டிருந்தேனே” என்று அதே சிரிப்பு. வெட்கம் என்பதே கிடையாது ஜென்மத்துக்கு.

ஏப்ரல் 30, புதன்

சுகாதார அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். என் பிரதிதான் சுத்தமாக இருக்கிறதாம். இடத்தை எனக்குத் தர விருப்பமாம்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டுமாம். ‘அந்த நீளமான மூன்று வரிக்குப் பதிலாக, வழக்கத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட தொடரையே பயன்படுத்தவும். அது மூன்று தளங்களில் இருக்கிறது.’

உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். பேசினவள் மிகவும் அன்பாகப் பேசினாள்.

“அது ஜனங்களுக்குப் புரியலங்க.”

“ஆனா மூணு இடத்துல இருக்கே, ஃபிசா.”

“அந்த மூணும் ஒரே ஆள் எழுதினது. போற போக்குல கட்டிவிட்டது.”

“அப்படியா? அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? இல்ல, உங்க மூணு வரியாவது எங்கேயாவது வெளியாகியிருக்கா? ஒரு லிங்க் குடுத்தாப் போதும்.”

ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து ‘உன்னத்தான் சொல்லுது’ என்று கணவனிடம் சொன்னாள், அதற்கு லிங்க் கிடையாது என்றேன். புரிகிறது, புரிகிறது என்றாள். ஒரு மண்ணும் புரியவில்லை.

மே 1

போட்டுவிடலாமா? ஒரு தொடர்தானே. எத்தனையோ நோட்டீஸில் இருக்கிறது, இன்னொன்றிலும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

மே 4, ஞாயிறு

சபை வாசலில் லிலினே பிடித்துக்கொண்டாள். “எப்போக்கா வரும் அந்தத் தாளு? டிஃபாவோட அண்ணன் புற்றுநோய் மருந்துல இருக்காரு. ஊசி போடறேன்னு குதிக்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. அச்சுல வந்தாத்தான் கேப்பாரு.”

அச்சில் வந்தால்தான் கேட்பார். எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தானே இருந்தேன்.

சீக்கிரம் வரும் என்றேன். டெஸ்மண்ட் முகம், அந்த இடம், இவள் முகம் — மாறி மாறி வந்தது. அந்தத் தொடரைப் போட மாட்டேன். இடம் போனால் போகட்டும். கிழங்குப் பெட்டி எங்கேயும் ஓடிவிடாது.

மே 6, செவ்வாய்

வகுப்பில் இகிபாவிடம் சொன்னேன். இடத்தை விட்டுவிடப் போகிறேன் என்றேன்.

“எதுக்கு விடற? அவங்களுக்கு வேண்டியது லிங்க்தானே?”

“ஆமா.”

“சபைத் தளத்தோட பாஸ்வேர்டு எங்கிட்டத்தான் இருக்கு.”

அவனைப் பார்த்தேன். முழுக்க முழுக்கப் பழைய கார் விற்கிறவன்தான். போதகரின் மனைவியைக் கூப்பிட்டோம். “தப்புன்னா மாத்துங்க. இதுக்கெல்லாம் எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?” என்றார். மாற்றினோம். ‘காவல் மெலிந்த உடலினர்’ போய் மூன்று வரி ஏறியது. தட்டச்சு செய்தது நான். அவன் பக்கத்தில் நின்று விசிலடித்தான்.

மே 14, புதன்

அவசரத் தகவல் தளத்துக்கும் மருந்துக்கடை சங்கத்துக்கும் எழுதினோம்: எங்கள் சபைத் தளத்தில் மொழிபெயர்ப்பு திருத்தப்பட்டிருக்கிறது, தயவுசெய்து மாற்றிக்கொள்ளவும். இரண்டு பேரும் நன்றி சொல்லி மாற்றிக்கொண்டார்கள். யார் திருத்தியது, ஏன் திருத்தியது — ஒரு கேள்வி கிடையாது. நாளைக்குச் சமையல் குறிப்பை அனுப்பினாலும் ஏற்றிக்கொள்வார்கள்.

மூன்று லிங்க்கையும் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினேன். கை கூசியது. ஆனாலும் அனுப்பினேன்.

மே 16

‘மூன்று தளங்களிலும் சரிபார்த்தோம். தங்கள் தொடர் ஏற்கப்பட்டது. வாழ்த்துகள், ஃபிசா.’

சரிபார்த்தார்களாம்.

மே 20, செவ்வாய்

பிலிப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் சிரித்தாள். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்றாள். என் பெயரைப் போடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இகிபா அவன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னானாம்.

ஜூன் 12, வியாழன்

பிரசுரம் வந்துவிட்டது. மாங்கெரே மருந்துக்கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். லிலினே தொலைபேசியில் சொன்னாள்: டிஃபாவையும் அவன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய், தாளை மேசையில் வைத்து, “இந்த வரி ரெண்டு பேரையும் சொல்லுது” என்றாளாம். கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவர்கள் இருவருக்கும் கூடாதென்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொண்டால் அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பு என்றார்களாம். லிலினேயும் பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள். “கை வீங்கிப் போச்சுக்கா” என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஏனென்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 27, வெள்ளி

டெஸ்மண்டிடம் சொன்னேன். ஒத்திகை பார்த்த மூன்று விதமும் மறந்துவிட்டது. “போறேன்” என்றேன். அவன், “அப்போ டோங்கா பெட்டிய யாரு பாக்கறது?” என்றான். முகம் ஒன்றும் விழவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புது வேலையில் ஐந்தாவது வாரம். பிலிப்பாவின் அடுத்த வகுப்பில் நியூவே மொழிக்கு ஹினா என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். இன்று அவளிடமிருந்து மின்னஞ்சல். உடம்பின் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஒரு வாக்கியத்துக்கு அந்த மூன்று வரியை எடுத்துக்கொண்டிருக்கிறாளாம். ‘நான்கு இடங்களில் இருக்கிறது. அதனால் ஐந்து போட்டேன். சரிதானே?’

சரிதான். அதுதான் தொல்லை. இகிபா எழுதினான், நான் ஏற்றினேன், மற்றவர்கள் எங்களைப் பார்த்து ஏற்றினார்கள், நான்காவது நான் எழுதிய பிரசுரமே. இவளும் மஞ்சளைப் பார்த்து மூடியிருப்பாள். யார் எழுதியது என்று கேட்கத் தோன்றவில்லை. திமிர் பிடித்த பெண். அவள் எழுத்தில் என் குரல் அப்படியே கேட்கிறது.

நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் லிலினேயிடம் அனுமதி கேட்டு, அவள் தொலைபேசி எண்ணை மட்டும் அனுப்பினேன். ‘இவரிடம் வாசித்துக் காட்டு. யாருக்கு என்று புரிகிறதா என்று கேள். அப்புறம் எண் போடு.’

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூடத்தில் லிலினேயைப் பார்த்தேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லையாம்.